வரிசை ஒன்று, வழி ஒன்றா?

“மருத்துவமனையில் சாதி ஏது? முன்னே வந்தவர் முன்னே நிற்கிறார். பின்னே வந்தவர் பின்னே நிற்கிறார். ஆண்டைக்கும் கூலிக்கும் ஒரே வரிசை, ஒரே சீட்டு, ஒரே மருந்து. இதைவிடச் சமத்துவம் வேறு என்ன வேண்டும்?”

இப்படிக் கேட்போர் நாட்டிலே நிரம்ப உண்டு. படித்தவர் கேட்கின்றனர், பதவியில் அமர்ந்தோர் கேட்கின்றனர், பகுத்தறிவு பேசும் இளைஞரிலும் சிலர், ‘அதுவும் சரிதானே’ என்று தலையசைக்கின்றனர். தலையசைக்கும் தோழர்களுக்கு ஒரு கேள்வி: வரிசை ஒன்றுதான், அந்த வரிசைக்கு வந்து சேரும் வழி ஒன்றா?

புதுவையின் தெற்கே இருக்கிறது பாகூர். ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற ஊர். அங்கே காணியும் காரும் உடையவர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், காலையில் புறப்பட்டுப் பகலுக்குள் வீடு திரும்பிவிடுகிறார். செங்கல் சூளையிலே முன்பணம் வாங்கிய இருளர் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால்? முதலில் சூளைக்காரரிடம் விடுப்புக் கேட்கவேண்டும். அன்றைய கூலியை இழக்கவேண்டும். பேருந்துக்குக் கடன் வாங்கவேண்டும். கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்குப் போவதென்றால் நகரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கடக்கவேண்டும். சென்ற இடத்திலே, எந்தச் சன்னலில் எந்தச் சீட்டு என்று எழுத்தறியாத தாய் எவரையேனும் கெஞ்சவேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே வருகிறது அந்த ‘ஒரே வரிசை’. கடைசியில் வந்தவள் கடைசியில் நிற்கிறாள். விதி எதுவும் மீறப்படவில்லை, நீதிதான் மீறப்பட்டது!

இது நம் நாட்டில் மட்டும் கண்ட நோயன்று. வேல்ஸ் நாட்டிலே சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த சிற்றூரில் மருத்துவராகப் பணிபுரிந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971 ஆம் ஆண்டில் இதற்கு ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று பெயரே சூட்டினார். எங்கே மருத்துவம் மிகுதியும் தேவையோ அங்கே அது குறைந்து கிடைக்கிறது. வணிகத்தின் கையிலே மருத்துவத்தை விடவிட அந்தக் கேடு முற்றுகிறது என்றார் அவர். வெள்ளையர் நாட்டில் வர்க்கம் செய்த வேலையை, நம் நாட்டில் வர்க்கமும் வருணமும் கைகோத்துச் செய்கின்றன.

‘எல்லோர்க்கும் ஒரே அளவுகோல்’ என்னும் வாதம் நேற்று முளைத்ததா? அன்று. சென்னை மாகாணத்தில் மருத்துவக் கல்லூரி இடங்களை வகுப்புதோறும் பகிர்ந்தளித்த ஆணையை வீழ்த்த எடுத்த கருவியும் அதுவே. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யாத செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கிலே, அந்த ஆணை செல்லாது என்று 1951 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, 15(4) என்னும் பிரிவு பிறந்தது. சமமற்றவரைச் சமமாக நடத்துவது சமத்துவமாகாது என்னும் பாடத்தை நாடு அப்போது கற்றது. கற்ற பாடத்தை மருத்துவமனையின் வாயிற்படியில் மறந்துவிடலாமா?

பாகூரின் பழைய ஏட்டைச் சற்றே புரட்டுவோம். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலே, இவ்வூரின் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு பெருமையோடு பேசுகிறது. மறை கற்றோர்க்கு மூன்று ஊர்! மண் சுமந்து கரை கட்டியவர்க்கு? செப்பேட்டில் அவர்களுக்கு இடமில்லை.

மன்னர் ஆட்சி மறைந்தது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரெஞ்சுக்காரர் ஆண்டனர்; ஊர் ஊராகவே இருந்தது, சேரி சேரியாகவே இருந்தது. 1954 அக்டோபர் 18 ஆம் நாள், வில்லியனூரை அடுத்த கீழூரிலே மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். விடுதலை வந்தது. 1964 இல் புதுவைக்கென அட்டவணைச் சாதியினர் பட்டியலும் வந்தது. பழங்குடியினர் பட்டியல் மட்டும் வரவில்லை. எல்லைக்கு அப்பால் கடலூரிலும் விழுப்புரத்திலும் வாழும் இருளர் பழங்குடியினர். இப்பால் புதுவை மண்ணில் வாழும் அவர்தம் உடன்பிறந்தார் பழங்குடியினர் அல்லர்! ஒரே குருதி, ஒரே தொழில், ஒரே வறுமை. இடையே ஓடிய எல்லைக்கோடு உரிமையை அறுத்தது.

இந்த அநீதி தீர 2016 ஆம் ஆண்டின் இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! அப்போதும் அந்த ஆணையில் இடம்பெற்றோர் இருளர் மட்டுமே. காட்டுநாயக்கரும் மலைக்குறவரும் இடம்பெறவில்லை. பட்டியலில் பெயர் ஏறுவதில் என்ன இருக்கிறது என்று எண்ணவேண்டா. மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழையவிடாது தடுப்பது, 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பட்டியலில் இல்லாதவர்க்கு அந்தக் காப்பும் இல்லை. பட்டியலில் ஏறியவர்க்கும் சான்றிதழ் கையில் வந்தால்தான் உரிமை உயிர்பெறும்.

இதிலே ஒரு கொடுமையைப் பாருங்கள். வயலில் நாற்று நடும் உழவரைக் கண்ணாடி விரியன் தீண்டுகிறது. அவரைக் காக்கும் நச்சுமுறிவு மருந்து எங்கிருந்து வந்தது? நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் எடுத்து, இந்தியாவின் மருந்து நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு வழங்கி வந்தது வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தொடங்கிய ஆண்டு 1978. அச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது அளித்தது அரசு. நாட்டின் உயிர்காக்கும் மருந்துக்கு மூலம் தந்தவர் இருளர்; மருந்து வாங்கும் வரிசையிலே கடைசியில் நிற்பவரும் இருளர்! விருதை மார்பிலே குத்திவிட்டு, வயிற்றையும் நோயையும் மறந்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

“ஒருவர்க்குத் தனிச்சலுகை தந்தால் மற்றவர்க்கு அநீதி அன்றோ?” என்பர் வாதத்தில் தோற்றவர். குருதி கொட்டக் கொட்ட வந்தவரை, ‘வரிசையில் நில்’ என்று எந்த மருத்துவராவது சொல்வாரா? உயிர்க்கேடு மிகுந்தவரை முதலில் ஏற்பது மருத்துவ அறம். அதைச் சலுகை என்று எவரும் சொல்வதில்லை. அந்த அறத்தைச் சட்டமும் ஏற்றிருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவர்களுக்கு மருத்துவத்தில் முன்னுரிமை வேண்டும் என்கிறது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் தடையற்ற பாதை வேண்டும் என்கிறது. சிற்றூர்களில் அருகிலேயே இலவச மருத்துவம் வேண்டும் என்கிறது. திருநங்கையரையும் திருநம்பியரையும் மருத்துவத்தில் வேறுபடுத்தி நடத்தலாகாது என்கிறது 2019 ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டில் எழுதிய நீதி வில்லியனூரின் வாயிற்படியில் சாய்தளமாக, பாகூரின் மருந்தகத்தில் மரியாதைச் சொல்லாக மாறவேண்டும். மாறியதா என்று பார்ப்பது யார் வேலை?

மொழியையும் மறக்கலாகாது. 2022 மே மாதம், ஜிப்மரின் அலுவலகப் பதிவுகளில் இந்தியைப் புகுத்தும் சுற்றறிக்கை வெளிச்சத்துக்கு வந்தபோது கண்டனக் குரல் வானைப் பிளந்தது. எழ வேண்டிய குரல், எழுந்தது. ஆனால், தோழர்களே, கோப்பிலே எந்த மொழி என்ற கேள்வியோடு போர் முடிந்துவிடுமா? எந்த மருந்தை எத்தனை வேளை உண்பது என்பது நோயாளியின் கையிலுள்ள சீட்டில் தமிழில் இருக்கிறதா? காது கேளாதவர்க்குச் சைகை மொழியில் விளக்க ஆள் இருக்கிறாரா? நோயாளிக்கு விளங்காத மருத்துவம் பாதி மருத்துவமே.

ஆகவே நாம் கேட்பது பிச்சை அன்று. சூளைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் வேலை முடிந்த மாலை வேளையில் மருத்துவக் குழு வரட்டும். சான்றிதழ், அலையவைக்காமல் குடியிருப்புக்கே வரட்டும். சுகாதார நிலையத்தின் செவிலியர், பணியாளர் இடங்களிலே இருளர் வீட்டுப் பிள்ளைகளும் சேரி வீட்டுப் பிள்ளைகளும் அமரட்டும். தன்னவர் ஒருவரை உள்ளே கண்டால்தான் வெளியே தயங்கி நிற்பவர்க்குக் கால் வரும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலைத் திட்டம்: மேடையை விட்டிறங்கி, உங்கள் கொம்யூனில் உள்ள ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை குடும்பங்களுக்குச் சான்றிதழ் உண்டு, எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது, கடைசிப் பிரசவம் எங்கே நடந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். எழுதியதைச் சுகாதார நிலையத்தின் மருத்துவரிடம் கொடுங்கள். பதில் வராவிடின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். அதன் பிறகும் ஒருவர் எழுந்து, ‘மருத்துவமனையில் சாதி ஏது?’ என்றால், அந்தக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்!