மேற்பார்வை அறைக்குள் வரட்டும்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் எம்.ஃபில். பட்டத்துக்கு முடிவு கட்டிய பின்னர், மருத்துவ உளவியலுக்குச் சிறிது அவகாசம் கிடைத்தது. அதற்குள் சைடி (Psy.D.) முனைவர் பட்டம் பற்றிய பேச்சு நம் துறைகளில் வலுத்துவிட்டது. எத்தனை இடங்கள், என்ன கட்டணம், ஆய்வேடு எவ்வளவு பெரியது என்றே அந்தப் பேச்சு போகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எம்.ஃபில். படிப்பைச் சொல்லும்போது, அது மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியை உள்ளடக்கியிருக்க வேண்டும் என்கிறது. பட்டத்தின் பெயர் மாறலாம். இந்த ஒன்றில் தளர்வு கூடாது.

ஓசிடி எனப்படும் எண்ண சுழற்சி நோய்க்கான சிகிச்சையையே எடுத்துக்கொள்வோம். சிகிச்சையின் பகுதியாகக் கழிப்பறைக் கதவின் கைப்பிடியைத் தொட்ட நோயாளி கை கழுவாமல் உட்கார்ந்திருக்கிறார். பதற்றம் ஏறுகிறது. 'ஒன்னும் ஆகாதுல்ல?' என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். எதிரே இருக்கும் மாணவிக்கு மனசு கேட்கவில்லை; 'ஒன்னும் ஆகாதும்மா' என்கிறார். பதற்றம் தணிகிறது. ஆனால் கை கழுவுதல் செய்துவந்த வேலையை இப்போது அந்த ஆறுதல் செய்துவிட்டது. பதற்றம் தானாகவே தணியும் என்பதை நோயாளி அறிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விட்டது. கேஸ் ஃபைலில் 'நோயாளி ஒத்துழைத்தார், பதற்றம் குறைந்தது' என்று எழுதப்படும். அது பொய்யல்ல. ஃபைலை மட்டும் படித்துக் கையெழுத்திடும் மேற்பார்வையாளரால் இந்தப் பிழையை ஒருநாளும் பிடிக்க முடியாது.

1949இல் அமெரிக்காவின் போல்டர் மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் உருவாக வேண்டும் என்றது. 1973 வெயில் (Vail) மாநாடு, சிகிச்சைத் திறனை முதன்மையாகக் கொண்ட சைடி வழியையும் ஏற்றது. நாம் அந்த இரண்டாம் வழியில் போவதாகச் சொல்லிக்கொண்டு, மேற்பார்வையைக் கவனிக்காமல் நூறு பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கும் ஆய்வேட்டையே பெரிதாக்கினால் என்ன பயன்? ஒரே நோயாளியை மாதக்கணக்கில் தொடர்ந்து அளந்து பதியும் ஒற்றை நேர்வு ஆய்வும் தரமான ஆய்வுதான்.

நோயாளியின் சம்மதத்துடன் ஒலிப்பதிவு, ஒருவழிக் கண்ணாடி, உடன் அமர்தல் எதுவானாலும் சரி, மேற்பார்வையாளர் நேரில் பார்த்த அல்லது கேட்ட அமர்வுகளுக்குப் பணிப்பதிவேட்டில் தனிக் கணக்கு வேண்டும். புறநோயாளிப் பிரிவையும் கவனித்துக்கொண்டே இதைச் செய்யும் ஆசிரியர்களுக்கு, அந்த நேரம் முழுவதும் கற்பித்தல் நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும்.