பிளாஸ்டிக் பேயும் காயலான்கடை பேயும்

மக்கள்ஸ், இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும். திட்டணும்னா பின்னூட்டத்துல வந்து திட்டிட்டுப் போங்க :-)

பெரம்பூர்ல நண்பன் குடியிருக்கற அபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் ஹாலோவீன். ஆன்லைன்ல ஒரு பெட்டி வரும். உள்ள பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பிளாஸ்டிக் வௌவால், நைலான் சிலந்தி வலை. ஒருநாள் கூத்து. நவம்பர் 1 காலையில எல்லாம் கறுப்புப் பையில. அந்தப் பை எங்க போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கொடுங்கையூர்ல எங்க மொட்டை மாடியில நின்னா தெரியுதே, அந்தக் குப்பை மலைக்கு. உங்களுக்கு ஒருநாள் பேய், எங்களுக்கு வருஷம் பூரா!

இன்னொரு கோஷ்டி இருக்கு. "இதெல்லாம் நம்ம கலாச்சாரமே இல்ல". ஏங்க, தீவுத்திடல் பொருட்காட்சியில க்யூல நின்னு பேய் வீட்டுக்குள்ள போய் அலறுனது யாரு? 1978-ல வந்த விட்டலாச்சார்யாவோட ஜகன்மோகினியில அடுப்புல காலை விட்டு எரிக்கற பேயை வாயைப் பொளந்து பார்த்தது யாரு? பயந்து சிரிக்கறதுக்கு எந்த ஊர் பாஸ்போர்ட்டும் வேணாம்.

திருவிழாவுல மேஜை மேல வெறும் தலை மட்டும் பேசுமே, ஞாபகம் இருக்கா? 1865-ல லண்டன்ல ஸ்டோடேர்ங்கறவர் மேடையேத்துன வித்தை அது. மேஜைக் கால்களுக்கு நடுவுல ரெண்டு கண்ணாடியை 'வி' மாதிரி நிறுத்தணும், கூர்முனை நம்மளைப் பார்த்து. பக்கவாட்டுத் திரை அதுல தெரியும். நாம அதைப் பின்னாடி இருக்கற திரைன்னு நினைச்சு, மேஜைக்கடியில காலின்னு நம்பிடுவோம். உடம்பு கண்ணாடிக்குப் பின்னால குத்த வச்சு உக்காந்திருக்கும். அம்புட்டுதான்.

போன வருஷம் எங்க தெருப் பசங்களுக்கு நான் பண்ணது இன்னும் சல்லிசு. பெப்பர்ஸ் கோஸ்ட். ஹென்றி டிர்க்ஸ்னு ஒரு இன்ஜினியர் (நம்மாளு!) யோசிச்சது. அவர் சொன்னபடி செய்யணும்னா தியேட்டரையே இடிச்சுக் கட்டணும். ஜான் பெப்பர் அதைச் சுளுவாக்கி, சாய்ச்சு வச்ச ஒரே கண்ணாடியில முடிச்சு 1862-ல மேடையில காட்டினார்.

என் செலவு: காயலான்கடையில பழைய ஜன்னல் கண்ணாடி 60 ரூபா. ஓரத்துல டேப் சுத்தியாச்சு, கை கிழிஞ்சா அம்மாகிட்ட யாரு வாங்கறது? அம்மாவோட பழைய கறுப்புப் புடவை ஓசி. இருட்டு ரூம்ல கண்ணாடியை 45 டிகிரி திருப்பி வச்சேன். பசங்க கண்ணுக்குத் தெரியாத மூலையில, கறுப்புப் புடவைக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் பாப்பா, வெள்ளைத் துணியில. அவ மேல டார்ச் அடிச்சா நாற்காலியில ஆவி உக்காந்திருக்கும். அணைச்சா காணோம். மொதல்ல வெளிச்சம் கண்ணாடி மேலயே பட்டு சொதப்பிருச்சு. டார்ச்சுக்கு அட்டையில குழாய் சுத்தின பிறகுதான் வேலைக்கு ஆச்சு.

ஏழாவது படிக்கற ஒருத்தன் அலறி முடிச்சதும் கேட்டான்: "அண்ணா, டார்ச்சை மெதுவா அணைச்சா பேயும் மெதுவா மறையுமா?" பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்து எந்தப் பையனாவது இப்படிக் கேட்டிருக்கானா? கண்ணாடி சூட்சுமம் தெரிஞ்ச இவன்கிட்ட நாளைக்கு ஒரு சாமியார் அந்தரத்துல உருவம் காட்டட்டும், பார்க்கலாம்.

அபார்ட்மெண்ட் அங்கிள்களே, அடுத்த பெட்டிக்கு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை எங்க மொட்டை மாடிக்கு வாங்க. டீ என் செலவு.

பி.கு: அந்தக் கண்ணாடியைக் காயலான்கடை அண்ணன் 40 ரூபாய்க்குத் திருப்பி எடுத்துக்கிட்டார். ஆக பேய்க்கு வாடகை 20 ரூபா :-)