அத்தையின் கை நடுக்கமும் சீனத்து ஊசியும்

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன். என் மாமியாரின் வலது கை, மடியில் சும்மா இருக்கையில் மாத்திரை உருட்டுவதுபோல் ஆடியது. திருநீறு வாங்க நீட்டினால் நின்றுவிட்டது. "வயசாச்சுல்ல தாயி, பருத்தி எடுத்த கை" என்று சிரித்தார்கள்.

திருநெல்வேலி நரம்பு டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார். நம் பக்கத்தில் நடுக்குவாதம் என்கிறோமே, அதுதான். மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிவதால் வருவது. லெவோடோபா மாத்திரை எழுதினார். இந்த லெவோடோபா நம் வேலியோரப் பூனைக்காலி விதையில் இருப்பதை 1937-லேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள்! அதற்காக விதையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரிகளே. அளவு தெரியாமல் மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து.

அப்புறம் அக்குபங்சர். சீனாவுக்கு 1938-ல் கோட்னிஸோடு போன டாக்டர் பாசு, பிற்பாடு கற்றுவந்து கல்கத்தாவில் செய்த வைத்தியம் அது. மயிரிழை போன்ற ஊசி, அத்தைக்கு வலிக்கவேயில்லை. தோள் இறுக்கம் தளர்ந்தது, ராத்திரி தூங்கினார்கள். நடுக்கம் மட்டும் அப்படியே.

"மாத்திரையை நிறுத்துங்கம்மா, அப்பத்தான் ஊசி பிடிக்கும்" என்றார் ஊசி போட்டவர். நிறுத்தியது நான்தான். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. நாலாம் நாள் உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் கொதித்தது. கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. கோவில்பட்டிக்குக் காரில் கொண்டு ஓடினோம். இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று டாக்டர் என்னைத்தான் கோபித்தார். கோபிக்கட்டும், நியாயந்தானே.

அக்குபங்சரால் வலி, தூக்கம் போன்றவற்றில் சிலருக்குக் கொஞ்சம் சுகம் கிடைப்பதாகச் சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை. போவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையை விடாமல் போங்கள். ஊசி ஒவ்வொரு தடவையும் புதுப் பாக்கெட்டாக உங்கள் கண்முன் பிரிக்கப்பட வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் வெறும் தண்ணீரில் கொடுங்கள். பால், பருப்பு, முட்டையோடு கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. வேளை தவறக்கூடாது.

அத்தை இப்போதும் மாதம் ஒருமுறை ஊசிக்குப் போகிறார்கள், வேறோர் இடத்துக்கு. மாத்திரை நேரம் வந்தால் எனக்கு முன்னால் அவர்களே, "ஏ தாயி, மணியாச்சு" என்று குரல் கொடுத்துவிடுகிறார்கள்.