திருத்தத்தை ஏற்கும் ஆட்டக்காரன்

ஆகஸ்டு மாதத்து வெயிலில் பயிற்சி தொடங்கி, டிசம்பர் மாத ஆரம்பத்தில் கல்லூரிகளோடு கையெழுத்திடும் நாள் வரையில், அமெரிக்கப் பள்ளிக் கால்பந்து உலகில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. பையனுடைய உயரம், எடை, நாற்பது கஜத்தை ஓடிக் கடக்க அவனுக்கு ஆகும் விநாடிகள், ஆட்டங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த படத்தில் அவன் காட்டும் வேகம் ஆகிய எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகு, கல்லூரியிலிருந்து வந்திருக்கும் துணைப் பயிற்சியாளர், பள்ளிப் பயிற்சியாளரைத் தனியே அழைத்து, "சொன்னால் கேட்பானா?" என்று விசாரிக்கிறார். "தங்கமான பிள்ளை, சொன்ன சொல்லைத் தட்டமாட்டான்" என்று இவர் சொல்ல, அவரும் திருப்தியோடு அதை எழுதிக்கொள்கிறார்.

கேள்வி தகுதியான கேள்விதான், பதில்தான் போதாது. கீழ்ப்படிதலும் திருத்தத்தை ஏற்கும் குணமும் ஒன்றே என்று கருதுவதும், அக்குணம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்தது, அத்தகையோரைத் தேடிப் பிடித்துவிட்டால் போதும் என்று நம்புவதும் இத்தொழிலில் பரவலாக வேரூன்றிவிட்ட இரண்டு பிழைகள் என்பது இவ்விதழின் அபிப்பிராயம். அந்தக் குணம் பெரும்பாலும் பயிற்சியாளரின் கையில் உண்டாவது. அவருடைய கையிலேயே கெடுவதும் உண்டு.

அமெரிக்கப் பள்ளிகளில் தலைக்கவசமும் தோட்காப்பும் பூண்டு ஆண்டுதோறும் களம் இறங்கும் மாணாக்கர் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் மூன்று பிரிவுகளில் ஏதேனும் ஒன்றில் பின்னர் ஆடுவோர் அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர். முதற் பிரிவை எட்டுவோர் மூன்று பேர் அளவே. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளோ விளையாட்டுக்கென உபகாரச் சம்பளம் அளிப்பதே இல்லை. எஞ்சிய தொண்ணூற்று மூன்று பேரில் பெரும்பாலோருக்குப் பள்ளியின் கடைசி ஆட்டத்தோடு அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. அதன்பின் அவர்களிடம் நிற்பது, பிழையைச் சுட்டிக் காட்டும் ஒருவரிடமிருந்து எதையேனும் பெற்றுக்கொள்ளும் பழக்கம் ஒன்றே. ஆகவே இது கல்லூரிகளுக்கு ஆள் அனுப்பும் காரியத்தைச் சேர்ந்த விஷயம் மட்டுமன்று.

ஆள் தேடும் சாஸ்திரத்தின் எல்லையை அறிய ஜே. ஜே. வாட்டின் வரலாறு ஒன்றே போதும். விஸ்கான்சின் மாநிலத்துப் பெவாக்கி என்னும் சிற்றூரின் பள்ளியில் ஆடிய அவருக்கு, மதிப்பீட்டாளர்கள் ஐந்து நட்சத்திரங்களில் இரண்டே கொடுத்தார்கள். 2007-ல் மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்ட் என்னும் தாக்குதல் வரிசை இடத்தில் ஆடிய அவர், அங்கே கிடைத்துவந்த உபகாரச் சம்பளத்தைத் துறந்து ஊர் திரும்பி, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்து, மறு ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எந்த உதவித்தொகையும் இன்றித் தாமே போய்ச் சேர்ந்தார். அங்கேதான் அவர் தற்காப்பு வரிசையின் ஓரத்து இடத்துக்கு மாறினார். மத்திய மிச்சிகனில் ஆடிய இடத்தை விட்டுவிட்டு, பந்தைத் தூக்கி ஓடுகிறவனைத் தடுக்கும் கலையில் தேர்ந்தார். 2011-ல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி அவரைப் பதினொன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2012, 2014, 2015 ஆகிய மூன்று பருவங்களில் தொழில்முறை ஆட்டத்தின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்கே வந்தது. கலிபோர்னியாவின் ஃபயர்பா என்னும் விவசாய ஊரிலிருந்து முதற் பிரிவு அழைப்பு ஒன்றுகூட இன்றிப் புறப்பட்டு, இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றின் வழியாக மேலேறிய தொழில்முறை ஆட்டக்காரர் ஜாஷ் ஆலனையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இவர்களிடம் பின்னர் வெளிப்பட்ட ஆற்றலை அளக்க, பதினேழாம் வயதில் யாரிடமும் கருவி இல்லை.

அந்தச் சுற்றுப் பாதைகள் இப்போது அடைபட்டு வருகின்றன என்பதே கவலைக்குரிய செய்தி. 2018-ல் கல்லூரி மாறுவோருக்கான பதிவேடு திறக்கப்பட்டு, 2021 முதல் ஓராண்டு காத்திராமலே மாறலாம் என்று ஆனபின், மூன்று ஆண்டு அனுபவம் பெற்று உடல் முற்றிய ஆட்டக்காரன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பள்ளிப் பையனை எடுத்து வளர்ப்பானேன் என்று கல்லூரிகள் எண்ணத் தலைப்பட்டன. 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்படிக்கை, கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழி திறந்ததோடு, அதில் சேர்ந்த அணிகள் 105 பேருக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும் வரம்பு கட்டியது. நூற்றிருபதுக்கு மேற்பட்டோர் இருந்த அணிகளில், உதவித்தொகை இன்றித் தாமாக வந்து சேர்ந்தவர்களே அந்தக் கூடுதல் இடங்களை நிரப்பி வந்தார்கள். வாட் நுழைந்த வாயில் அதுதான். பணத்தில் நியாயம் உண்டு. உழைத்தவனுக்குக் கூலி கிடைப்பதை யாரும் குறை கூற முடியாது. ஆனால் மெல்ல முதிரும் பிள்ளையை வைத்துப் பழக்கும் பொறுமை கல்லூரிகளிடம் குறையுமானால், அந்தப் பொறுப்பு முழுவதும் பள்ளிப் பயிற்சியாளர் தலைமேல் வந்து விழுகிறது.

அந்தப் பொறுப்பு எத்தகையது என்பதை முன்வரிசையில் நிற்கும் ஒரு லைன்மேனிடம் காணலாம். பந்து பின்னே எறியப்படும் கணத்தில் அவன் செய்யவேண்டியது, முதற் காலை ஏறத்தாழ அரை அடி முன்னே வைத்து, தோளைத் தாழ்த்தி, எதிராளியின் மார்புக்குக் கீழே புகுவது. பழக்கமில்லாத பையன் முதலில் நிமிர்கிறான். காலையும் ஓர் அங்குலம் பின்னே இழுத்துக்கொண்டு பிறகே முன்னே வைக்கிறான். அந்த அரை விநாடியில் எதிராளி அவன் தோட்காப்புக்கு அடியில் புகுந்து அவனை நிமிர்த்தித் தள்ளிவிடுகிறான். "எழாதே, எழாதே!" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து நூறு முறை கத்தினாலும் பையனுக்கு எந்தச் செய்தியும் போய்ச் சேராது. சனிக்கிழமை காலையில் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டி, பின்னே போகும் அந்தக் காலை அவனே காணும்படி செய்து, திங்கட்கிழமை பயிற்சியில் அந்த ஓர் அடியை மட்டும் இருபது முறை வைக்கச் சொல்ல வேண்டும்.

அதன்பின் நடப்பதைத்தான் நம்மவர் கூர்ந்து நோக்க வேண்டும். புதிய அடியை வைக்க முயலும் பையன் முதல் சில நாட்கள் முன்னைவிட மோசமாகவே ஆடுவான். பழைய பிழை அவனுக்குக் கைவந்த பிழை. புதிய சரியோ அவன் யோசித்து யோசித்துச் செய்யவேண்டியதாக இருப்பதால், அவன் தாமதிக்கிறான், தோற்கிறான். திருத்தத்தை ஏற்பது என்றால், தோழர்கள் பார்த்திருக்க, சில காலம் தாழ்ந்துபோகச் சம்மதிப்பது என்றே பொருள்படுகிறது. அந்த வாரத்தில் அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, பழைய பிழையோடு ஆடும் மற்றொருவனை இறக்கும் பயிற்சியாளர், சொல்வதைக் கேட்டால் இடம் போகும் என்னும் பாடத்தை அணி முழுவதற்கும் புகட்டிவிடுகிறார். அடுத்த வாரம் அந்தப் பையன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, பழையபடியே ஆடுவான். அவனுக்குத்தான் "சொன்ன சொல்லைத் தட்டாதவன்" என்று நற்சான்றும் கிடைக்கும்.

கூடைப்பந்து ஆட்டத்தில் ஜான் வூடன் பயிற்றிய முறையை, 1974-75-ஆம் ஆண்டுப் பருவத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், தார்ப், கலிமோர் என்னும் உளவியலாளர் இருவர் அரங்கின் ஓரத்தில் அமர்ந்து குறித்துக்கொண்டார்கள். பத்தாவது தேசியப் பட்டத்தோடு அவர் ஓய்வு பெற்ற பருவம் அது. அவர்கள் பதிந்த 2,326 போதனைகளில் நான்கில் மூன்று பங்கு, எதை எப்படிச் செய்வது என்னும் வெறும் செய்தி. புகழ்ச்சி நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு, அதிருப்தியும் அவ்வாறே. சரியான முறையை ஒரு முறை செய்து காட்டி, பையன் செய்த பிழையையும் செய்து காட்டி, மறுபடியும் சரியானதையே செய்து காட்டுவார். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆட்டத்தின் விதிகள் வேறாயினும், நம்முடைய லைன்மேனுக்கு வேண்டியதும் இதுவேதான்.

கலிபோர்னியாவில் கன்கார்டு நகரத்து டி லா சால் பள்ளியில் 1979 முதல் பயிற்சியளித்த பாப் லதூசர், இதை மற்றொரு வழியில் நிறைவேற்றினார். அப்பள்ளி அணி 1992 முதல் 2003 வரையில் தொடர்ச்சியாக 151 ஆட்டங்களில் வென்றதை எல்லோரும் அறிவர். அவ்வணியில் வாரந்தோறும் நடந்த காரியத்தை அறிந்தோர் சிலரே. ஒவ்வொரு பையனும் வரும் வாரத்துக்கான தன் குறிக்கோள்களை, பயிற்சிக்கு இன்னது, உடல் வலுவுக்கு இன்னது, ஆட்டத்துக்கு இன்னது என்று ஒரு சிறு அட்டையில் எழுதி, சக ஆட்டக்காரன் ஒருவன் கையில் ஒப்படைப்பான். நிறைவேறிற்றா இல்லையா என்று தோழர் முன்னிலையில் எழுந்து சொல்வான். குறையைத் தானே எழுதுபவனுக்கு அதைப் பிறர் சொல்லும்போது மானபங்கமாகத் தோன்றுவதில்லை. திருத்தம் மேலிருந்து மட்டுமே வருவதன்று என்னும் வழக்கம் ஓர் அணியில் நிலைத்துவிட்டால், புதிதாக வரும் பதினான்கு வயதுப் பையனும் அதையே இயல்பு என்று கொள்கிறான்.

கீழ்ப்படிதலையே குணமென்று கொண்டாடுவதில் உள்ள ஆபத்து உயிரையும் தொடக்கூடியது. வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு அக்டோபரில், பதின்மூன்று வயதான ஜாக்கரி லிஸ்டெட், முற்பாதி ஆட்டத்தின் முடிவில் தலையில் அடிபட்டும் பிற்பாதியில் மீண்டும் களம் இறங்கி, ஆட்டம் முடிந்ததும் மூளையில் இரத்தம் கசிந்து வீழ்ந்தான். அவன் பெயரால் 2009-ல் இயற்றப்பட்ட சட்டம், தலைக்காயச் சந்தேகம் தோன்றிய உடனே ஆட்டக்காரனை வெளியேற்ற வேண்டும், மருத்துவத் தகுதி பெற்றவரின் எழுத்து மூலமான அனுமதியின்றித் திரும்ப இறக்கலாகாது என்று விதித்தது. ஐந்தாண்டுகளுக்குள் எல்லா மாநிலங்களும் அதனை ஒத்த சட்டங்களை இயற்றிக்கொண்டன. சட்டம் இருந்தும், தலை சுற்றுகிறது என்று பையன் வாய் திறந்து சொன்னால்தான் பெரும்பாலும் அது செயற்படும். பயிற்சியாளரிடம் "முடியவில்லை" என்று சொல்லத் துணியாத பிள்ளையைப் பணிவுள்ளவன் என்று மெச்சுகிற இடத்தில், அவன் மௌனத்துக்கு நாமே வெகுமதி அளிக்கிறோம். நம்மிடமிருந்து கேட்டுக்கொள்வதும் நம்மிடம் சொல்வதும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறப்பவை.

இந்தப் பருவத்தில் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் அன்பர்களிடம் இவ்விதழ் ஒன்று கேட்டுக்கொள்கிறது. சொன்ன சொல்லைத் தட்டமாட்டான் என்னும் வாசகத்தை விடுத்து, செப்டம்பர் முதல் வாரத்தில் இன்ன பிழையைக் காட்டினோம், இரண்டு ஆட்டங்கள் தோற்றும் புதிய அடியை அவன் கைவிடவில்லை, அக்டோபர் நடுவில் அது அவனுக்குப் பழகிவிட்டது, இன்ன நாளில் காயத்தைத் தானே வந்து சொன்னான் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அதற்கு ஆகஸ்டிலேயே ஒவ்வொரு பையனுக்கும் ஒரு குறிப்பேடு திறந்து, காட்டிய பிழையையும் கொடுத்த திருத்தத்தையும் தேதியிட்டுப் பதிந்து வரவேண்டும். எந்தக் கல்லூரியும் கேட்டு வரப்போவதில்லை என்று தெரிந்த பையன்களுக்கும் அப்படியே.