நடையை இரண்டு முறை எண்ணாதீர்கள்

"அக்கா, மூனு மாசமா தினமும் நடக்கிறேன். சாப்பாட்டையும் கணக்குப் பார்த்துத்தான் சாப்பிடுறேன். எடை மட்டும் அப்படியே நிக்குது. என் உடம்புல ஏதாவது கோளாறா?"

வானொலியில் உடல்நலம் பற்றி எப்போது பேசினாலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு குரலில் வந்துவிடும். கேட்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாமான் பூங்காவைச் சுற்றி நடப்பவர்கள், வேலை முடிந்து களைப்போடு ஜிம்முக்குப் போகிறவர்கள். கைப்பேசியில் செயலி, கையில் ஸ்மார்ட் வாட்ச், எல்லாம் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் பார்க்கிறார்கள். பிறகு, "நமக்கு இது ஒத்துவராது" என்று காலணியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

எனக்குக் கவலை அந்தக் கடைசி வரிதான். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோடோ உடல் பருமனோடோ இருக்கிறார்கள். நீரிழிவு நம் இந்தியக் குடும்பங்களை எப்படித் துரத்துகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலையில், நடக்கத் தொடங்கிய ஒருவர் தவறான கணக்கால் மனம் உடைந்து நடப்பதையே நிறுத்தினால் அது பெரிய நட்டம். பலருக்கு உடம்பில் கோளாறு இருக்காது. கணக்கில் ஒரு வரி இரண்டு முறை விழுந்திருக்கும். இந்த வாரம் அந்த வரியைத் தேடுவோம். ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் எண்: சும்மா இருந்தாலே எவ்வளவு?

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு ஓட, உடல் சூடு நிலைக்கச் சக்தி செலவாகும். இதைக் கணிக்க உணவியல் நிபுணர்கள் அதிகம் பயன்படுத்துவது 1990இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம். பெயர்தான் மிரட்டும். கணக்கு எளிது.

எடையைக் கிலோவில் எழுதி 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி 6.25ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். ஆண் என்றால் கடைசியில் 5 கூட்டுங்கள். பெண் என்றால் 161 கழியுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வயது 35, உயரம் 160 சென்டிமீட்டர், எடை 75 கிலோ, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண். 750, 1,000 இரண்டையும் கூட்டினால் 1,750. அதில் வயதுக்கு 175, பிறகு 161 கழித்தால் 1,414. இதுதான் அவருடைய முதல் எண்.

இரண்டாவது எண்: நாள் முழுக்க எவ்வளவு?

முதல் எண்ணை நம் நடமாட்டத்துக்கு ஏற்ற ஓர் அளவால் பெருக்க வேண்டும். பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2. லேசான பயிற்சி உள்ளவருக்கு 1.375. வாரத்தில் பல நாள் ஓரளவு கடுமையான பயிற்சி செய்பவருக்கு 1.55. தினமும் கடுமையாக உழைப்பவருக்கு 1.725.

இங்கே ஆசை நம்மை மேலே இழுக்கும். வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறோமே, 1.55 போட்டால் என்ன என்று தோன்றும். நம் உதாரணப் பெண் 45 நிமிடம் நடக்கிறார். மீதி நேரம் கார், நாற்காலி, சோபா, படுக்கை. அவருக்கு 1.375 போதும். 1,414ஐ 1.375ஆல் பெருக்கினால் 1,944 கலோரி. 1.55 போட்டிருந்தால் 2,192 என்று வந்திருக்கும். ஒரே ஒரு தேர்வில் ஏறக்குறைய 250 கலோரி கூடிவிடுகிறது.

மூன்றாவது எண்: எவ்வளவு குறைக்கலாம்?

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 400 குறைத்தால் வாரத்துக்கு 2,800. மாதத்தில் ஒன்றரைக் கிலோ அளவுக்கு இறங்க வாய்ப்பு உண்டு. அந்தப் பெண்ணுக்கு 1,944இல் 400 போக, சுமார் 1,550 கலோரி. பசியில் எரிந்து விழாமல், குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடிய அளவு இது. "ஒரே மாதத்தில் பத்துக் கிலோ" என்ற விளம்பரங்களை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துக் கிலோ கொழுப்பு என்றால் 77,000 கலோரி. முப்பது நாளில் அதைக் கரைக்க நாளுக்கு 2,500க்கு மேல் குறைய வேண்டும். அந்தப் பெண்ணின் உடல் நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு இல்லை.

இரண்டு முறை விழுந்த வரி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நடந்துவிட்டு வந்ததும் வாட்ச் "300 கலோரி எரித்தீர்கள்" என்று பாராட்டுகிறது. செயலியும் அந்த 300ஐ அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் கூட்டிவிடுகிறது. 1,550 என்பது 1,850 ஆகிறது. "நடந்தோம், சம்பாதித்தோம், சாப்பிடலாம்" என்ற நியாயம்.

ஆனால் 1.375 என்று பெருக்கியபோதே நடையைச் சேர்த்துவிட்டோம். அதே நடையை மறுபடியும் கூட்டுகிறோம். கடைக்காரர் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பில் போட்டால் சும்மா விடுவோமா? இங்கே நாமே போட்டுக்கொள்கிறோம். 1,944க்கும் 1,850க்கும் நடுவே மிஞ்சுவது நூறுக்கும் குறைவு. மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்தால் அதுவும் காலி. தாளில் 400 குறைகிறது, உடம்பில் எதுவும் குறையவில்லை.

வாட்ச் காட்டும் எண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். வேகமாக நடக்கும்போது உடல் செலவழிப்பது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆவதைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 75 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் நடந்தால் சுமார் 225 கலோரி. அதே 45 நிமிடம் நாடகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 55 கலோரி போயிருக்கும். ஆகவே நடையால் கூடுதலாகச் செலவானது 170தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு வகைக் கைப்பட்டைகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மட்டும், மிகத் துல்லியமானதே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. வாட்சைத் தூக்கிப் போட வேண்டாம். எத்தனை நிமிடம் நடந்தோம் என்பதற்கு அதை நம்புங்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்பதற்கு நம்பாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், கலக்காதீர்கள். முதல் வழி, பயிற்சியையும் சேர்த்து 1.375 போட்டுவிட்டு, வாட்ச் சொல்வதை மறந்துவிடுவது. இரண்டாவது வழி, 1.2 மட்டும் போட்டு, பயிற்சி செய்த நாளில் மட்டும் அதற்குரியதைக் கூட்டுவது. நம் உதாரணத்தில் 1,414ஐ 1.2ஆல் பெருக்கினால் 1,697. நடந்த நாளில் 170 சேர்த்தால் 1,867. இரண்டு வழிகளுக்கும் நடுவே நூறு கலோரிகூட வித்தியாசம் இல்லை. தினமும் ஒரே மாதிரி வாழ்பவருக்கு முதல் வழி சுலபம். ஷிஃப்ட் வேலை, வாரத்துக்கு ஒரு மாதிரி நேரம் என்று ஓடுபவருக்கு இரண்டாவது வழி பொருந்தும். அந்தச் செயலி எந்த வழியில் போகிறது என்று அமைப்புப் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சமையலறைப் பக்கம்

செலவுக் கணக்கு சரியானாலும் வரவுக் கணக்கு தப்பினால் பயனில்லை. நம் வீடுகளில் மூன்று இடங்களில் கணக்கு நழுவும்.

ஒன்று, சோறு. சமைத்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி. அரிசியாக இருந்தால் 100 கிராமுக்கு 350க்கு மேல். தட்டில் இருக்கும் சோற்றை நிறுத்துவிட்டுச் செயலியில் அரிசி என்று பதிந்தால் கணக்கு எங்கோ போய்விடும். தட்டில் விழுவதைச் சமைத்த சோறு என்றே பதியுங்கள்.

இரண்டு, எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. தாளிப்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, தோசைக் கல்லுக்குக் கொஞ்சம் என்று கையளவில் ஊற்றினால் 45 நிமிட நடை அங்கேயே கரைந்துவிடும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். வீட்டில் எல்லோருக்குமே அது நல்லது. தனிச் சமையல் தேவையில்லை.

மூன்று, குடிப்பவை. தே தாரிக்கில் ஊற்றும் டின் பால் ஒரு மேசைக்கரண்டிக்கு 65 கலோரி அளவில் வரும். கடையில் எத்தனை கரண்டி விழுகிறது என்று நமக்குத் தெரியாது. ரொட்டி சானாய் ஒன்று சுமார் 300 கலோரி என்பது பலருக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கும் கிளாஸைத்தான் யாரும் எண்ணுவதில்லை. "கூராங் மானிஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் தே ஓ கோசோங்கிற்கு மாறுங்கள்.

பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதை வீணாக்கக்கூடாது என்று அம்மாக்கள் வாயில் போட்டுக்கொள்வதும் கணக்கில் வராத உணவுதான். குறைவாகப் பரிமாறினால் மிச்சமே இருக்காது. வேண்டுமென்றால் அவர்கள் மறுபடியும் கேட்கட்டும்.

தராசு சொல்லட்டும்

சூத்திரம் தருவது ஒரு தொடக்க எண். உங்கள் உடலின் உண்மையான செலவு அதைவிடப் பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம். அதை உங்கள் வீட்டுத் தராசுதான் சொல்லும். வாரத்தில் மூன்று நான்கு நாள், காலையில் கழிவறைக்குப் போய் வந்ததும், எதுவும் சாப்பிடாமல் நிறுத்துப் பாருங்கள். அந்த வாரத்தின் சராசரியை எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். உப்பு கூடிய விருந்து, மாதவிடாய் நாள்கள் ஆகியவற்றால் உடலில் நீர் தேங்கி ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும்.

நான்கு வாரச் சராசரிகளை வரிசையாகப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் எதையும் மாற்றாதீர்கள். அசையவே இல்லை என்றால் முதலில் எண்ணெயையும் பானங்களையும் ஒழுங்காக அளந்தோமா என்று பாருங்கள். அதிலும் பிசகில்லை என்றால் நாளுக்கு 100 அல்லது 150 மட்டும் குறையுங்கள். ஐந்து கிலோ இறங்கியதும் புது எடையை வைத்துக் கணக்கை மறுபடி போடுங்கள். நம் உதாரணப் பெண் 70 கிலோவுக்கு வந்தால் அவருடைய 1,944 ஏறத்தாழ 1,875 ஆகிவிடும். உடல் சிறுத்தால் தேவையும் சிறுக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்லசைடு போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். முதலில் மருத்துவரிடம் பேசி, தேவையென்றால் மருந்தின் அளவை மாற்றிக்கொண்ட பிறகே தொடங்குங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் யாரும் 1,200க்குக் கீழே போக வேண்டாம்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நடையால் 170 கலோரிதான் என்றால் எதற்கு நடக்க வேண்டும்? எடைக்காக மட்டும் நடந்தால் அது சின்ன எண்தான். ஆனால் நடை இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது, தூக்கத்தைச் சீராக்குகிறது, இறங்கிய எடை திரும்ப ஏறாமல் பிடித்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலசைவும், இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எடை குறையாத மாதத்திலும் இந்தப் பலன்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.

எனவே சாப்பாட்டுக்குப் பரிசாக நடையை வைக்காதீர்கள். உங்கள் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும், நாளைக்கும் நடக்கப் போங்கள்.