எல்லை வகுப்போரும் எல்லையில் வாழ்வோரும்

திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி, உச்சியில் நின்று வடக்கே நோக்குவார்க்குத் தமிழ்நாடு எங்கே முடிகின்றது, ஆந்திரம் எங்கே தொடங்குகின்றது என்று கண்ணால் பிரித்தறிதல் இயலாது. குன்றும் ஏரியும் கழனியும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து படியேறுவோருள் நகரியினின்றும் புத்தூரினின்றும் சித்தூரினின்றும் வருவோர் மிகப் பலர். அவர்தம் வாயில் தெலுங்கும் வரும், தமிழும் வரும். எவரும் அவர்களை மறித்து, ‘நீ எந்நாட்டான்? உன் சீட்டு எங்கே?’ என்று கேட்பதில்லை. எழுபதாண்டுகட்கு முன்னர் இதே தெருக்களில் இவ்வூர் எவர்க்குரியது என்னும் வழக்கு மூண்டு, மறியலும் கடையடைப்பும் சிறையேகலும் நிகழ்ந்தன என்று சொன்னால், இற்றை இளைஞர் வியப்போடு நோக்குவர்.

அவ்வழக்கு எவ்வாறு தணிந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். 1953 அக்தோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது, சித்தூர் மாவட்டம் அதனோடு சேர்க்கப்பெற்றது. தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் காட்டிய வேங்கடத்தோடு தணிகையும் போயிற்று. வடவெல்லைத் தமிழரிடையே தமிழ் கற்பித்து உணர்வூட்டிய மங்கலங்கிழாரின் தொண்டும், ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய கிளர்ச்சியும், திருத்தணி விநாயகம் முதலாய உள்ளூர்த் தலைவர்களின் உழைப்பும் ஒன்றுசேர்ந்து, நடுவணரசை இறங்கிவரச் செய்தன. படாசுகர் என்பார் நடுவராக அமர்த்தப்பெற்றார். அவர் கொண்ட நெறி எளியது. ஊரை அலகாகக் கொள்வது. அவ்வூரில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்று கணக்கெடுப்பால் காண்பது. நிலத்தொடர்ச்சி உண்டா என்று பார்ப்பது. அதன்வழி 1959-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழ்நிலத்தோடு மீண்டது. தமிழர் பக்கத்தினின்றும் தெலுங்கு மிகுந்த ஊர்கள் ஆந்திரத்துக்குச் சென்றன.

முழு அறம் கிடைத்துவிட்டதென்று எவரும் சொல்லார். திருப்பதியும் காளத்தியும் சித்தூரும் அப்பாலேயே நின்றுவிட்டன. 2015 ஏப்பிரல் 7-இல் சேசாசலக் காட்டில் 20 தமிழ்க் கூலியாளர் ஆந்திரக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமையையும் மறக்கவியலாது. ஆனால், அது செம்மரத்தையும் வயிற்றுப்பாட்டையும் பற்றியது, எல்லைக் கோட்டைப் பற்றியதன்று. கோட்டைப் பற்றிய சண்டை அடங்கிற்று. அடங்கியதற்குக் காரணம், அக்கோடு கிழிக்கப்படுமுன் அங்கு வாழ்ந்தவரின் குரலும் மொழியும் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்பட்டமையே.

இனித் தெற்கே, கடலுக்குத் திரும்புவோம். அங்கும் தமிழர்க்கு ஓர் அண்டை நாடு உண்டு. அங்கும் எல்லை வகுத்தனர். குடிபெயர்வு பற்றி உடன்படிக்கை செய்தனர். செய்தவர் தில்லியாரும் கொழும்பாரும். செய்யப்பட்டவர் தமிழர்.

ஆங்கிலேயரால் இலங்கை மலையகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் காப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகக் காடழித்த தமிழர், தலைமுறை தலைமுறையாய் அங்கேயே பிறந்து அங்கேயே மாய்ந்தனர். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே கொண்டுவரப்பெற்ற குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. பின்னர் 1964 அக்தோபர் 30-இல், இந்தியத் தலைமையமைச்சர் இலால் பகதூர் சாத்திரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என மதிப்பிட்டனர். அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தரும். இவ்வளவும் 15 ஆண்டுகளில் நிறைவேறும். எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது! 1974-இல் அவ்வெச்சத்தையும் எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகச் சரிபாதி பிரித்துக்கொண்டனர். ஏழு பேர் இங்கு வந்தால் நான்கு பேர்க்கு அங்கே உரிமை என்பது கணக்கு. ஆட்டு மந்தையைப் பங்கிடும் உடன்பிறந்தார்கூட இன்ன ஆடு இன்ன பட்டியது என்று சற்றே எண்ணிப் பார்ப்பர்.

அம்மக்களை எவர் கேட்டார்? கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்கும். இந்தியக் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் தொகை, தில்லி ஏற்பதாகச் சொன்ன 5,25,000-ஐ எட்டவேயில்லை. பிறந்த மண்ணை விட்டுப் பெயர எவர்க்கு விருப்பம்? ஆயினும் பல இலக்கம் பேர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, நீலமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் முன்பின் அறியாத ஊர்களுக்கும் அனுப்பப்பட்டனர். அங்கிருந்தபோது சிங்களர் அவர்களைக் ‘கள்ளத்தோணி’ என்றனர். இங்கு வந்தபின் சொந்த இனத்தாரே ‘சிலோன்காரர்’ என்றனர். இப்பின்னைய பழி தில்லியாரைச் சார்ந்ததன்று என்பதைத் தமிழர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1984-இல் கப்பலும் நின்றது. அங்கே எஞ்சி நின்ற நாடற்றோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் இலங்கையில் நிறைவேறிற்று. ஒருவரியில் தீர்த்திருக்கக்கூடிய ஒன்றுக்கு 55 ஆண்டுகள்!

மாந்தரைப் பங்கிட்ட அதே கைகள் கடலையும் பங்கிட்டன. 1974 சூன் 26-இல் கொழும்பிலும் 28-இல் தில்லியிலும் கையொப்பமான உடன்படிக்கையால், இராமநாதபுரம் மன்னர்க்கு உரிமையாயிருந்த 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு இலங்கை எல்லைக்குள் தள்ளப்பெற்றது. மீனவரும் வழிபடுவோரும் கடவுச்சீட்டோ நுழைவிசைவோ இன்றித் தீவுக்குச் செல்லலாம் என்று ஐந்தாம் உறுப்பு சொன்னது. இரு நாட்டுக் கலங்களும் மரபாகத் துய்த்த உரிமைகள் தொடரும் என்று ஆறாம் உறுப்பு சொன்னது. ஈராண்டு கழியுமுன், 1976 மார்ச்சு 23-இல் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லை பற்றிய மற்றோர் உடன்படிக்கை வந்தது. அதனோடு இரு வெளியுறவுச் செயலர்கள் மாற்றிக்கொண்ட மடல்களில், ஒரு நாட்டார் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாதென்று எழுதிக்கொண்டனர். அப்பொழுது நெருக்கடி நிலை நடப்பிலிருந்தது. தமிழகத்தில் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஆட்சி கலைக்கப்பட்டு 52 நாள்களே ஆகியிருந்தன. மறுப்புரைக்க மன்றமே இல்லாத வேளையில் மீனவன் வலையை ஒரு மடலால் அறுத்தனர்.

1974 சூனில் வெளியுறவுச் செயலர் அன்றைய தமிழக முதலமைச்சரை நேரிற் கண்டு செய்தி தெரிவித்தார் என்று 2024-இல் வெளிவந்த ஆவணங்கள் காட்டுகின்றன. இதனை வைத்து ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டும் கூச்சல் தேர்தல் காலத்தில் மிகுந்தது. முடிவெடுத்த பின் ஒருவரை அழைத்துச் சொல்லிவைத்தல் வேறு. பாக்கு நீரிணையில் வலைவீசும் மக்களைக் கேட்டல் வேறு.

‘அயலுறவு என்றால் இப்படித்தான், நாட்டின் பாதுகாப்புக் கருதிச் செய்வதை மக்களிடம் கேட்டுச் செய்யவியலுமா?’ என்பார் உளர். அவர்கள் வங்கத்தைப் பார்க்க. 1958-இல் பேருபாரிப் பகுதியில் ஒரு பாதியைப் பாக்கித்தானுக்குத் தர நேரு இசைந்தபோது, வங்க மக்கள் எதிர்த்தெழுந்தனர். நாட்டு நிலத்தை விட்டுக்கொடுப்பதாயின் அரசியல் சட்டத்தையே திருத்தவேண்டும் என்று 1960-இல் உச்ச அறமன்றம் கருத்துரைத்தது. மேலும், கச்சத்தீவு உடன்படிக்கைக்கு ஒரு திங்களுக்கு முன்னர், 1974 மே 16-இல், அதே இந்திரா அம்மையார் வங்காளநாட்டுத் தலைவர் முசிபுர் இரகுமானோடு நில எல்லை உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டார். அது உடனே நடைமுறைக்கு வரவில்லை. 41 ஆண்டு கழித்து, 2015-இல் நூறாவது திருத்தமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பின்னரே வந்தது. வங்காளநாட்டினுள் சிக்கிக் கிடந்த இந்தியத் திட்டுகள் 111. இந்தியாவினுள் கிடந்த அந்நாட்டுத் திட்டுகள் 51. அவற்றில் வாழ்ந்த ஒவ்வொருவரையும் ‘நீ எந்நாட்டுக் குடியாக இருக்க விரும்புகின்றாய்?’ என்று கேட்டனர். பெரும்பாலார் தாம் இருந்த இடத்திலேயே இருக்க விரும்பினர். ஆயிரத்துக்கும் குறைவானோரே இந்தியா வேண்டுமென்று தட்டுமுட்டுகளோடு எல்லை தாண்டி வந்தனர். விரும்பிய படியே நடந்தது.

ஒரே ஆண்டு; ஒரே தலைமையமைச்சர்; இரண்டும் அண்டை நாட்டோடு செய்த எல்லை உடன்படிக்கைகள். வங்கத்து நிலத்துக்கு அரசியல் சட்டத் திருத்தம். தமிழன் தீவுக்கு ஒரு கையொப்பம். ‘அது நம் நிலமே அன்று, வழக்கிலிருந்த இடம், எனவே விட்டுக்கொடுத்ததாகாது’ என்பது தில்லி சொல்லும் அமைவு. வழக்கு இருந்ததென்றால் வழக்காடியவனைக் கேட்டிருக்க வேண்டுமன்றோ!

இத்துணையும் சொன்னபின், கசப்பான ஒன்றையும் சொல்லியாதல் வேண்டும். பாக்கு நீரிணையின் அக்கரையில் வலைவீசுவோரும் தமிழரே. முப்பதாண்டுப் போரில் கடலுக்குச் செல்லவே தடுக்கப்பட்டு, 2009-க்குப் பின் மீண்டும் படகிறக்கிய யாழ்ப்பாணத்தாரும் மன்னாரினரும், இக்கரையினின்று வரும் இழுவைப் படகுகள் தம் வலையை அறுத்துக் கடலடியையும் சுரண்டிச் செல்கின்றன என்று முறையிடுகின்றனர். முறையீடு பொய்யன்று. இழுவைமடி குஞ்சையும் முட்டையையும் வாரிக்கொண்டு போகும். எவன் கடலாயினும் அது கேடு. சிங்கள அரசு 2017-இல் அம்முறையைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டு இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அறிவித்த தொகைக்கு அருகிற்கூட அது செல்லவில்லை. கடன்பட்டுப் படகு வாங்கிய இராமேசுவரத்து மீனவனைக் குறைசொல்லிப் பயனில்லை. அவனுக்கு மாற்றுவழி காட்டாமல் கைகட்டி நின்ற அரசுகளைச் சொல்லவேண்டும்.

இதிலும் மக்கள் தாமே அமர்ந்து பேசிய போதுதான் சிறிது வெளிச்சம் தெரிந்தது. 2014-இல் சென்னையிலும் பின்னர்க் கொழும்பிலும் இருகரை மீனவரும் நேருக்குநேர் இருந்து பேசினர். அக்கரையார் இழுவைமடியை நிறுத்தச் சொன்னார்கள். இக்கரையார் படிப்படியாய் விட்டுவிட மூன்றாண்டுத் தவணை கேட்டனர். எவ்வளவு நாகரிகமான பேச்சு! தவணையா, உடனடியா என்னும் அளவுக்கு வழக்கு சுருங்கிவிட்டிருந்தது. அரசுகள் அதனைக் கைப்பற்றி எடுத்து முடித்திருக்கலாம். மாறாக, 2016-இல் கூட்டுப் பணிக்குழு என்று ஒன்று அமைந்து, வழக்கு மீண்டும் அலுவலர் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. மீனவன் சிறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றான்.

2025 ஏப்பிரல் 2-இல் தமிழகச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்க வேண்டுமென்று தீர்மானம் இயற்றியது. மூன்று நாள் கழித்து, 5-ஆம் நாள், கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அண்டை நாடுகள் ஒத்துழைப்பதைத் தமிழர் வெறுக்கவில்லை, வெறுக்கவும் கூடாது. கடற்கொள்ளையும் போதைப்பொருள் கடத்தலும் ஒழிய இரு நாட்டுக் காவற்படகுகளும் கைகோக்கட்டும். ஆனால், அடுத்த பேச்சு மேசையில் பாம்பனிலிருந்து ஒருவனும் பருத்தித்துறையிலிருந்து ஒருவனும் அமர இருக்கை போடப்படுமா என்பதே தமிழகச் சட்டமன்றமும் நாடாளுமன்றத்துத் தமிழ் உறுப்பினரும் இனி விடாது கேட்க வேண்டிய கேள்வி.

அவர்கள் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1983 முதல் குண்டுக்கு அஞ்சி ஓடிவந்த ஈழத் தமிழருள் ஏறத்தாழ 90,000 பேர் முகாம்களிலும் வெளியிலுமாய் இன்னும் தமிழகத்தில் உள்ளனர். அவருள் ஒரு பகுதியினர், அந்த 1964-ஆம் ஆண்டுக் கணக்கில் எண்ணப்பட்ட மலையகத்தாரின் வழிவந்தோர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளநாடு, ஆப்கானித்தான் ஆகிய மூன்று நாட்டினின்று வந்தோர்க்கு வழிதிறந்தது, இலங்கையை விட்டுவிட்டது. 2021-இல் தமிழக அரசு முகாமுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. நல்ல தமிழ்ப் பெயர்தான். 2025 செப்டம்பரில் நடுவணரசு, பதிவுபெற்ற இலங்கைத் தமிழ் ஏதிலியர் உரிய சீட்டின்றி இருப்பதற்காகத் தண்டிக்கப்படார் என்று விலக்களித்தது. தண்டனையில்லை; குடியுரிமையும் இல்லை. 1987 சூலைக்குமுன் இம்மண்ணில் பிறந்தவர்க்குப் பிறப்பே உரிமை தருகின்றது. அதன்பின் பிறந்த பிள்ளைகட்குத் தாயோ தந்தையோ இந்தியக் குடியாக இருத்தல் வேண்டும். முகாமில் அதற்கு எங்கே போவது?

அம்முகாம்களுள் ஒன்று, திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில் உள்ளது. கும்மிடிப்பூண்டியும் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரே. அவ்வழியாய் வண்டிகள் நாள்தோறும் எல்லை கடந்து போய்வருகின்றன. எல்லைக்கு இப்பாலே பிறந்து, தமிழன்றிப் பிறமொழி அறியாது, இங்கேயே படித்துப் பட்டமும் பெற்ற முகாம் இளைஞர், வெளியூர் செல்ல இசைவு கேட்டு அலுவலகத்து வாயிலில் நிற்கின்றனர்.