குழந்தைப் புத்தகத்துக்கு ஒரு கறார் விமர்சகர் வேணும்

கடையைத் திறந்து மூணு மாசம் ஆச்சு. பனி, ப்ராஜெக்ட், சோம்பேறித்தனம்னு எந்தக் காரணத்தை வேணும்னாலும் போட்டுக்குங்க. இன்னைக்கு எழுத வைச்சது எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி கேட்ட ஒரு கேள்வி.

நான் குப்பை கொட்டுற ஊர் லொங்குய்ய். (இதை எப்படி உச்சரிக்கணும்னு பின்னூட்டத்துல சண்டைக்கு வராதீங்க. ரெண்டு வருஷமா எனக்கே சரியா வரலை.) மொன்றியலுக்கு எதிர்க்கரை. மெட்ரோவுல மஞ்சக் கோடுன்னு ஒண்ணு உண்டு, மொத்தமே மூணு ஸ்டேஷன். ஆத்துக்கு அடியில போய் அந்தப் பக்கம் ஏறினா மொன்றியல் நகரம், இந்தப் பக்கம் கடைசி ஸ்டேஷன் நாங்க.

நான் இருக்கிற பேஸ்மென்ட்டுக்கு மேல ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். அந்த அக்காவோட மகள் பள்ளிக்கூடத்துல பிரெஞ்சுல படிக்கிறா. லைப்ரரியில இருந்து வாரம் ஏழெட்டுப் புத்தகம் அள்ளிட்டு வருவா. "தம்பி, இவள் தமிழ்ப் புத்தகம் எண்டா மட்டும் ஓடுறாள், நீர் ஒருக்காச் சொல்லிக் குடுமன்"னு அக்கா கேட்டாங்க. ஊருக்குப் போனப்போ நாலஞ்சு சிறுவர் கதைப் புத்தகம் வாங்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து வாசிச்சுக் காட்டினேன்.

முதல் கதையில பொய் சொன்ன பையன் திருந்தினான். ரெண்டாவதுல சோம்பேறிப் பையன் திருந்தினான். மூணாவது புத்தகத்தை எடுத்ததும் அவ கேட்டா: "மாமா, இதிலயும் கடைசியில ஏச்சு விழுமோ?"

ஏச்சுன்னா நம்மூர் பாஷையில திட்டு. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். விழுந்துதான் இருந்தது :-(

அதே வாரம் அவ கையில இருந்த பிரெஞ்சுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒல்லியா, வயசான ஒரு டீச்சரம்மா. தலையில பெரிய தொப்பி, அதுக்குள்ள ஒரு கல்லு. அந்தக் கல்லுக்கு கெர்த்ருத்னு பேர் வைச்சு அதுகிட்ட பேசிட்டு இருக்காங்க. பிள்ளைங்களுக்கு முதல்ல 'இது என்ன லூசு'ன்னு தோணுது, அப்புறம் அவங்களை விட்டுப் பிரியவே மனசு வரலை. கதையை எழுதினவங்க தொமினிக் தெமேர். 1994-ல வந்த இந்தக் கதைதான் 'மத்மொவாசெல் ஷார்லொத்' வரிசையோட முதல் புத்தகம். 2002-ல சினிமாவா எடுத்தாங்க.

யார் இந்த அம்மான்னு தேடினேன். பதிவே இங்கதான் ஆரம்பிக்குது.

தெமேர் முதல்ல கதாசிரியர் இல்லை. 1956-ல ஒன்ராறியோவுல பிறந்து கியூபெக்ல படிச்சவங்க. பத்திரிகையாளரா இருந்து குழந்தைப் புத்தகங்களுக்கு விமர்சனம் எழுதினாங்க. 1990-ல பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எந்தப் புத்தகத்தை எடுக்கலாம்னு வழிகாட்டுற ஒரு புத்தகம் போட்டாங்க. அப்புறம் முனைவர் பட்டம், அதுவும் குழந்தை இலக்கியத்துல. கொடுத்தது ஷெர்புரூக் பல்கலைக்கழகம். நான் தினமும் ஏறி இறங்குற மெட்ரோ ஸ்டேஷன் பேர்லயே அந்தப் பல்கலைக்கழகம் ஒட்டிக்கிட்டு இருக்கு, எனக்குத்தான் இது தெரியாமப் போச்சு. ஆய்வோட விஷயம், குழந்தைகளுக்கான இலக்கியத்துல குழந்தைப் பருவத்தை எப்படிக் காட்டுறாங்க, எப்படி அதை ஒரு புராணமா ஆக்குறாங்க என்பது. 1994-ல குழந்தை இலக்கியத்தைப் பத்தியே ஒரு தடிமனான புத்தகம். மஞ்சக் கோட்டோட அந்தப்பக்க முனையில இருக்கிற பல்கலைக்கழகத்துல இந்தப் பாடத்தை நடத்தியும் இருக்காங்க.

வாசிச்சாங்க, விமர்சிச்சாங்க, ஆராய்ஞ்சாங்க, நடுவுலயே எழுதவும் ஆரம்பிச்சாங்க. 1992-ல தொடங்கின அவங்களோட இளையோர் நாவல் வரிசையில சாவு, பதின்வயசுக் கர்ப்பம் எல்லாம் வருது. திட்டு விழலை.

ஒரு தனி மனுஷியோட சாமர்த்தியம் மட்டும் இது இல்லைங்க. அவங்க நிக்க ஒரு தரை இருந்தது. குழந்தைப் புத்தகத்தைப் பரப்புறதுக்குன்னே இங்க 1971-ல ஓர் அமைப்பு வந்தது. 1978-ல 'லூர்லூ'ன்னு ஒரு பத்திரிகை தொடங்கினாங்க. சிறுவர் இலக்கியத்தைப் பத்தி மட்டுமே பேசுறது அதோட வேலை. இது சிறுவர் பத்திரிகை இல்லை, பெரியவங்க வாசிக்கிற, அந்தப் புத்தகங்களை எடை போடுற பத்திரிகை. பிரெஞ்சு பேசுறவங்க இந்தக் கண்டத்துல ஒரு சின்னக் கூட்டம், சுத்தி இங்கிலீஷ் கடல். பிள்ளைங்க வாசிக்கலைன்னா மொழி போயிடும்னு பயம் அவங்களுக்கு உண்டு. நமக்கும் அந்தப் பயம் இருக்கு. ஆனா அவங்க அந்தப் பயத்தைப் பாராட்டு விழாவா மாத்தலை, விமர்சனமா மாத்தினாங்க.

இப்ப நம்ம பக்கம் வருவோம். நம்மகிட்ட ஆளே இல்லைன்னு சொன்னா அது பொய். அழ. வள்ளியப்பா 1950-ல குழந்தை எழுத்தாளர் சங்கத்தை ஆரம்பிச்சார். பெரியசாமித் தூரன் தலைமையில 1968-ல இருந்து 1976 வரைக்கும் பத்துத் தொகுதியா குழந்தைகள் கலைக்களஞ்சியம் வந்தது. இந்த நாட்டுல எந்தப் பேராசிரியர்கிட்ட சொன்னாலும் வாயைப் பிளப்பார். தமிழ்ப் பேராசிரியரா இருந்த பூவண்ணன் ஒரு கையால சிறுவர் நாவல் எழுதி, இன்னொரு கையால 'குழந்தை இலக்கிய வரலாறு' எழுதினார். தெமேர் செஞ்ச வேலையை அவங்களுக்கு முன்னாடியே செஞ்சவர்னு தாராளமா சொல்லலாம். ஆனா நம்மள்ல எத்தனை பேருக்கு அவரோட வரலாற்று நூல் தெரியும்? நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன்.

வள்ளியப்பாவோட கடைசி நாள் என்னை ரொம்ப உலுக்கிடுச்சு. 1989 மார்ச் 16. மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டம். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்துல பாடமா வைக்கணும்னு வாதாடிப் பேசினார். அன்னைக்கே மறைஞ்சுட்டார். எல்லாருக்கும் பிடிச்ச 'குழந்தைக் கவிஞர்', கடைசியாக் கேட்டது விருதையோ சிலையையோ இல்லை. ஒரு பாடம் கேட்டார்.

அவரோட பாட்டை நாம மனப்பாடம் பண்ணினோம். அவர் கேட்ட பாடத்தை எத்தனை பேர் படிச்சிருப்போம்?

"முதல்ல நல்ல புத்தகம் வரட்டும், விமர்சனம் பிறகு"ன்னு ஒரு நண்பர் போன்ல சொன்னார். புத்தகம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு தலைவா. சாகித்ய அகாதெமி 2010-ல இருந்து சிறுவர் இலக்கியத்துக்குத் தனி விருது கொடுக்குது. 2020-ல அது நம்ம வலைப்பதிவர் யெஸ்.பாலபாரதிக்கு 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலுக்காகக் கிடைச்சது. குழந்தைங்க மேல நடக்கிற பாலியல் தொல்லையைக் குழந்தைக்கே புரியிற மாதிரிப் பேசின கதை. 2023-ல உதயசங்கர், 2024-ல யூமா வாசுகி, 2025-ல விஷ்ணுபுரம் சரவணன். எழுதுறவங்க இருக்காங்க. இவங்க புத்தகத்துக்கும் நான் வாங்கிட்டு வந்த ஏச்சுப் புத்தகத்துக்கும் வித்தியாசத்தைக் கடையில நிக்கிற அப்பா அம்மாவுக்குச் சொல்ல யார் இருக்கா? அட்டைப்படம் பார்த்துத்தான் நானும் வாங்கினேன்.

இன்னொரு நியாயமான மறுப்பும் உண்டு. சின்னத் துறை, விற்பனை கம்மி, எழுதுறவங்க பாதிப் பேர் கைக்காசு போட்டு எழுதுறாங்க, அவங்களைப் போய்க் கிழிக்கணுமான்னு. கிழிக்கச் சொல்லலை. ஆனா 'அருமை, குழந்தைகள் அனைவரும் படிக்க வேண்டிய நூல்'னு ஒரே வரியை எல்லாப் புத்தகத்துக்கும் எழுதினா, நல்லா எழுதினவங்களுக்குத்தான் அதிக நஷ்டம். பெரியவங்க நாவலை வரிவரியாப் பிரிச்சு மேயுற நாம, குழந்தைப் புத்தகத்துக்கு மட்டும் தலையில தட்டிக் கொடுத்து அனுப்புறோம். அது அன்பு மாதிரித் தெரியும். என் பார்வையில அது அலட்சியம்.

தெமேர்கிட்டயும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கலை. மத்தவங்க புத்தகத்தை எடை போடுறவங்களே அந்தத் துறையில எழுதினா நடுநிலை எப்படி நிக்கும்? நம்ம பூவண்ணனுக்கும் இதே கேள்வி பொருந்தும். சின்ன மொழியில, சின்னத் துறையில ஒருத்தரே ரெண்டு தொப்பி போட வேண்டி வரும். அதுக்கு மருந்து விமர்சகரை நிறுத்துறது இல்லை. நாலு விமர்சகர் இருந்தா ஒருத்தர் சாய்வை இன்னொருத்தர் சொல்லிடுவார்.

அதனால ஒரு வேண்டுகோள். மாசம் ஒரு தமிழ்ச் சிறுவர் புத்தகத்தைப் பத்திப் பதிவு போடுங்க. ஒரு குழந்தைக்கு வாசிச்சுக் காட்டிட்டு எழுதுங்க. எந்தப் பக்கத்துல சிரிச்சுது, எந்தப் பக்கத்துல எழுந்து போச்சு, படமும் எழுத்தும் ஒத்துப் போச்சா, பிடிக்கலைன்னா ஏன், எல்லாத்தையும் எழுதுங்க. பல்கலைக்கழகப் பாடம் நம்ம கையில இல்லை. இது நம்ம கையில இருக்கு.

நான் ஆரம்பிச்சாச்சு. 'மரப்பாச்சி'க்கு ஊர்ல சொல்லி வைச்சிருக்கேன். பார்சல் இன்னும் வரலை. மேல் வீட்டு மேடம் மூணு தடவை கீழ வந்து "மாமா, வந்திட்டுதோ?"ன்னு கேட்டுட்டா. முதல் வாட்டி ஒரு தமிழ்ப் புத்தகத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கா. கொஞ்சம் பயமாத்தான் இருக்கு.

டிஸ்கி: இந்தப் பதிவோட கடைசியில ஏச்சு விழுந்திருந்தா மன்னிச்சிருங்க. வளர்ப்பு அப்படி :-)